மூச்சேடு: மூலமும் உரையும்

காலையில் எழுந்ததும் நாள்காட்டியில் தாளைக் கிழித்து, நல்ல நேரமும் ராசிபலனும் பார்த்துவிட்டுத்தான் காபி என்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். இப்போது சில வீடுகளில் அந்தத் தாள் கிழிபடாமலே தொங்குகிறது. வீட்டுக்காரர் கண் விழித்ததும் மூக்கில் மாட்டியிருந்த மாஸ்க்கைக் கழற்றுகிறார். தலைமாட்டில் முனகிக்கொண்டிருக்கும் பெட்டியை அணைக்கிறார். செல்போனைத் திறந்து ஓர் எண்ணைத் தேடிப் பிடித்து, "நேத்து நாலு புள்ளி எட்டு" என்று வீட்டுக்குள் அறிவிக்கிறார். அடுக்களையிலிருந்து பதில் வருவதில்லை. வந்தாலும், "பால் பொங்குது, இருங்க" என்ற அளவோடு நின்றுவிடும்.

தொல்காப்பியத்துக்குப் பழைய உரையாசிரியர்கள் ஆறு பேர். திருக்குறளுக்குப் பத்துப் பேர். நாலு புள்ளி எட்டுக்கு ஒருவர்கூட இல்லை. எண்ணியது யார், எதை எண்ணியது, எதனால் வகுத்தது என்று தெரியாமலே ஒரு மனிதர் அந்த எண்ணை வைத்து அன்றைய பொழுது நல்லதா கெட்டதா என்று முடிவுகட்டுகிறார். இந்தக் குறையைப் போக்கவே இவ்வுரை எழுந்தது.

பாயிரம் இல்லாமல் நூல் கூடாது. அதில் எட்டுச் செய்திகள் வர வேண்டும் என்று சொல்லும் நன்னூலார், காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாக்குவோரும் உண்டு என்கிறார். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. ஆக்கியோன், சிபேப் எனப்படும் காற்றுப்பெட்டி. நூல், அது இரவெல்லாம் எழுதிவைக்கும் மூச்சுக் குறிப்பு. இனி மூச்சேடு எனப்படும். களம், கட்டிலின் தலைமாடு. எல்லை, கிழக்கே வங்கக் கடல், மேற்கே செங்கல்பட்டின் கொளவாய் ஏரி, வடக்கே கோவளம், தெற்கே பாலாற்று முகத்துவாரம். கேட்போர், மாஸ்க் மாட்டி முதல் மாதம் முடியாதவர்கள். பயன், அவர்கள் வீட்டில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் நிம்மதி.

காரணம் மட்டும் விளையாட்டானதல்ல. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை தளர்ந்து மூச்சுப்பாதையையே மூடிவிடுகின்றன. மூளை பதறி அரைத்தூக்கத்தில் எழுப்பிவிட, பெரிய உறுமலோடு மூச்சு திரும்புகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இரவெல்லாம் இதே பாடு. காலையில் தலைவலி, பகலில் சொக்கல், நாளாவட்டத்தில் ரத்த அழுத்தம். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி இந்தியாவில் வளர்ந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருக்கிறது, தலைக்கணக்கில் 10.4 கோடி.

இவர்களைக் கண்டுபிடிக்க மெல்பர்னைச் சேர்ந்த மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991இல் எட்டுக் கேள்விகள் வெளியிட்டார். தாம் வேலை பார்த்த எப்வொர்த் மருத்துவமனையின் பெயரையே அவற்றுக்கு வைத்தார். படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் நிற்காமல் போகும் வண்டியில், நெரிசலில் நின்ற வண்டியில் தூங்கிவிழுவீர்களா என்பது போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24, பத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டில் இந்த அளவுகோல் கொஞ்சம் தடுமாறும். காலையில் கடற்கரை நிலையத்துக்குக் கிளம்பும் மின்சார ரயிலில் ஜன்னல் சீட்டு கிடைத்தவர் கூடுவாஞ்சேரி தாண்டியும் விழித்திருந்தால் அதுவே ஆராயத்தக்கது. பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் பயணிகள் தூங்குவதை நோய் என்று சொல்ல முடியாது. அது வாழும் வழி.

பெட்டியின் பூர்வீகம் சிட்னி. 1980 வரை கடுமையான நோயாளிக்குத் தொண்டையில் துளையிடுவதுதான் உறுதியான சிகிச்சை. ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தில் விடாமல் காற்றை ஊதினால் பாதை மூடாது என்று கண்டார். தூசு உறிஞ்சும் கருவியின் மோட்டாரை எடுத்து, உறிஞ்சுவதை ஊதுவதாகத் திருப்பிப்போட்டார். மாஸ்க்கை இரவுதோறும் பசை போட்டு மூக்கில் ஒட்டினார்கள். ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு 1981இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது.

ஆனால் மூச்சுக்காற்றின் அழுத்தத்தைப் பதிவு செய்த பெருமை வால்மீகிக்கே போக வேண்டும். கும்பகர்ணனை எழுப்பப் போன அரக்கர்கள் அவன் மூச்சுக்காற்றின் எதிரே நிற்க முடியாமல் தடுமாறினார்கள் என்கிறது யுத்த காண்டம். அழுத்தம் எத்தனை சென்டிமீட்டர் என்று கவி குறிப்பிடாதது ஆய்வுலகுக்கு இழப்பு. யோக நூல்களில் மூச்சை உள்ளே நிறுத்துவதற்குக் கும்பகம் என்று பெயர். ஆகவே கும்பகர்ணன் என்றால் தூக்கத்தில் கும்பகம் செய்தவன் என்று ஒரு சாரார் பொருள் கொள்ளலாம். குடம் போன்ற காதுகளை உடையவன் என்பதே சரியான பொருள் என்று மறுசாரார் சொல்வர். மறுசாரார் சொல்வதே சரி; ஆயினும் முதல் சாராரின் பொருள் நன்றாக இருப்பதால் விட்டுவைக்கப்படுகிறது.

இனி நூலுக்குள் போகலாம். ஆய்வின் வசதிக்காகக் கொளவாய் ஏரிக்கரைப் பக்கம் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 58, கழுத்துச் சுற்றளவு 42 சென்டிமீட்டர், மீசை உண்டு. அகத்திணை மரபுப்படி பெயர் சுட்டாமல் தலைமகன் என்போம். அவர் மனைவி தலைமகள். இருவருக்கும் நடுவே தூது போகும் தோழியின் இடத்தில் இப்போது செல்போன் செயலி இருக்கிறது. கொசுவலையின் ஓரத்தைத் தூக்கிக் குழாயை உள்ளே விட்டு, அந்த இடைவெளியைத் துண்டால் அடைத்துக்கொண்டு தலைமகன் படுக்கிறார். பெட்டி வருமுன் தூக்கப் பரிசோதனை நடந்த இரவில் அவருடைய தடையெண் மணிக்கு 34. பெட்டி வந்த முதல் வாரத்தில் 11.2, 3.9, 7.4, 2.8, 14.6, 5.1, 4.8.

தடையெண் என்பது என்ன? மூச்சு பத்து நொடியாவது அறவே நின்றால் ஒன்று. பத்து நொடியாவது கணிசமாகக் குறைந்தால் அதுவும் ஒன்று. இரவில் நேர்ந்தவற்றைக் கூட்டி, மணிகளால் வகுத்தால் வருவது தடையெண். ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. நம் யோக மரபு ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று கணக்கு வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு 15 வருகிறது, இன்றைய மருத்துவம் சொல்லும் 12 முதல் 20க்குள் அழகாகப் பொருந்துகிறது. அந்தக் கணக்கில் ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு 6,300 மூச்சு. தலைமகனின் பழைய 34ஐ ஏழால் பெருக்கினால் ஓர் இரவில் 238 தடைகள். ஒவ்வொன்றும் வெறும் பத்து நொடி என்று வைத்தாலும், ஏறக்குறைய 40 நிமிடம் அவர் மூச்சுக்குத் திண்டாடியிருக்கிறார். முதல் வாரச் சராசரி 7.1. மணிக்கு 34 எங்கே, 7 எங்கே! அவரோ 14.6 வந்த ஐந்தாம் நாள் காலையில் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்.

பத்து நொடி என்ற வரையறை மனிதருக்கானது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணைக்குப் போய்ச் சுவரோரம் நின்று பாருங்கள். வாயைப் பிளந்தபடி கரையில் கிடக்கும் முதலை சில மூச்சு விடும். பிறகு நிமிடக் கணக்கில் சும்மா கிடக்கும். மறுபடி சில மூச்சு. அதற்கு அதுதான் இயல்பு. அதன் மூக்கில் இந்தப் பெட்டியை மாட்டினால், யார் மாட்டுவது என்பது வேறு கேள்வி, மறுநாள் காலை செயலி அபாய அறிவிப்பு தரும். எண் சரியாகவே இருக்கும், பொருள்தான் தவறு. மூச்சேட்டைப் படிப்பவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்: பெட்டி காற்றை மட்டுமே அறியும்.

பரிசோதனை இரவில் தலையில் வயர் ஒட்டி மூளையலையைப் பார்த்தார்கள், விரலில் மாட்டி ஆக்சிஜனைப் பார்த்தார்கள், மார்பிலும் வயிற்றிலும் பட்டை கட்டினார்கள். வீட்டுப் பெட்டிக்கு இதில் ஒன்றும் கிடையாது. குழாயில் வந்துபோகும் காற்றின் வரத்தை வைத்து அது ஊகிக்கிறது. மூச்சு எவ்வளவு குறைந்தால் குறைவு என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி வேறுவிதமாகக் கணிக்கிறார்கள். ஊருக்கு ஊர் மரக்கால் வேறாக இருந்த காலத்தில் செங்கல்பட்டு மரக்காலில் அளந்த நெல்லையும் இன்னோர் ஊர் மரக்காலில் அளந்த நெல்லையும் யாரும் அப்படியே ஒப்பிட்டிருக்க மாட்டார்கள். இன்றோ எதிர்வீட்டுக்காரரின் பெட்டி 1.2 என்று சொன்னால், 4.8 வாங்கிய தலைமகன் பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறார். சுவடிப் பதிப்பில் இதற்குப் பாடபேதம் என்று பெயர்.

பாடபேதத்தில் பெரியது கசிவு. மாஸ்க்கில் சிறு துளைகள் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன. வெளிவிட்ட கரிக்காற்று அதன் வழியேதான் போக வேண்டும். இந்த நியாயமான கசிவையும் சேர்த்துக் காட்டும் பெட்டிகள் உண்டு, கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும் பெட்டிகளும் உண்டு. பின்சொன்ன வகையில் பரவலாகப் புழங்கும் ஒன்று, நிமிடத்துக்கு 24 லிட்டர் வரை பொறுத்துக்கொள்கிறது. முன்சொன்ன வகையை வைத்திருப்பவர் 24 என்ற எண்ணை எங்கோ கேட்டுவிட்டு, தன் திரையில் 35ஐப் பார்த்து வாரை இறுக்கிக்கொண்டே போவார். காலையில் கன்னத்தில் வார்த்தழும்பு பல்லவர் கல்வெட்டு மாதிரி பதிந்திருக்கும். இறுக்கினால் கசிவு கூடும் என்பதும் உண்டு; மாஸ்க்கின் மெத்தை உப்பி முகத்தில் படிய இடம் வேண்டும்.

மீசையை என்ன செய்வது? மூக்கு மாஸ்க்கின் கீழ்விளிம்பு மேலுதட்டில்தான் உட்காருகிறது. மயிர்க்கால்களுக்கு இடையே காற்று சீறும். மூக்குத்துளையில் மட்டும் பொருந்தும் தலையணை வகை மாஸ்க் மீசையைத் தொடாது. செங்கல்பட்டு மாவட்ட ஆண்குலத்துக்கு அது ஒரு வரப்பிரசாதம். தாடிக்காரர், அதிலும் வாயைத் திறந்து தூங்குபவர், மருத்துவரோடும் முடிதிருத்துபவரோடும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

அடுத்தது இடைச்செருகல். மூலத்தில் இல்லாததைப் பின்னால் யாரோ எழுதிச் சேர்த்தால் அதற்கு இந்தப் பெயர். மூச்சேட்டில் சேர்ப்பவர் தலைமகனேதான். இரவு இரண்டு மணிக்கு எழுந்துபோய் வந்து, மறுபடி மாஸ்க்கை மாட்டி, தூக்கம் வராமல் மல்லாந்து கிடக்கிறார். வீட்டுவரி ரசீது எங்கே வைத்தோம் என்று யோசிக்கிறார். யோசிக்கும்போது மூச்சு ஒழுங்கு தவறும். புரண்டு படுக்கும்போது எவரும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அது பத்து நொடியைத் தொட்டால் பெட்டி ஒரு கோடு கிழித்துவிடும். அவர் விழித்திருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. வகுக்கும் எண்ணிலும் இதே குழப்பம்: தூங்கிய மணிகளை விட்டு, மாஸ்க் ஓடிய மணிகளால் அது வகுக்கிறது.

விழிப்புமல்லாத உறக்கமுமல்லாத இந்த நிலைக்கு நம்மிடம் ஓர் அருமையான சொல் இருக்கிறது: அறிதுயில். அதை நேரில் பார்க்க வேண்டுமானால் மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குப் போக வேண்டும். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரை. ஒரு பக்கச் சுவரில் பாம்பணையில் திருமால் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறார். கால்மாட்டில் மது, கைடபர் என்ற அசுரர் இருவர் கதையோடு நிற்கிறார்கள். நேர் எதிர்ச்சுவரில் சிங்கத்தின் மேல் ஆயுதங்களோடு துர்க்கை எருமைத்தலையனைத் துரத்துகிறாள். இரண்டு கதையும் தேவி மாகாத்மியத்தில் அடுத்தடுத்து வருபவை என்று கலை வரலாற்றாசிரியர்கள் சொல்லலாம். ஒரு சுவரில் ஆனந்தமாகத் தூங்குபவர், மறுசுவரில் தூக்கமின்றிப் போருக்கு நிற்பவர் என்ற அமைப்பைக் குறட்டை வீடுகளில் வாழ்பவர்கள் வேறுவிதமாகப் படிப்பார்கள்.

அசுரர் இருவர் என்பதும் நமக்குப் பொருந்துகிறது. மூச்சேட்டில் தடை இருவகை. தொண்டை அடைத்துக்கொள்வது ஒன்று. பாதை திறந்தே இருக்க, மூச்சு விடு என்ற உத்தரவு மூளையிலிருந்து வராமல் போவது இன்னொன்று. இதை மையத்தடை என்பார்கள். பெட்டி இவற்றைப் பிரிப்பது சாமர்த்தியமானது. மூச்சு நின்றதும் சில பெட்டிகள் நொடிக்கு நான்கு முறை மெல்லிய அதிர்வைக் காற்றில் அனுப்புகின்றன, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கதவைத் தட்டிப் பார்ப்பது போல. அதிர்வு உள்ளே போனால் பாதை திறந்திருக்கிறது, போகாவிட்டால் அடைப்பு. கசிவு அதிகமாக இருக்கும்போது இந்தத் தட்டலுக்கு விடை கேட்காது. அப்போது பெட்டி 'வகை தெரியவில்லை' என்று எழுதிவிடுகிறது. 'இவ்விடத்துப் பொருள் விளங்கவில்லை' என்று அடிக்குறிப்பு போட்ட பழைய பதிப்பாசிரியர்களின் நேர்மை அதற்கு உண்டு.

ஏட்டில் செல்லரித்த இடங்களும் உண்டு. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவுகளில் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திவைப்பது கரையோர வழக்கம். பெட்டி நின்றால் ஏடும் நிற்கும். முகம் முழுக்க மூடும் மாஸ்க்கில் இதற்கென்றே ஒரு வால்வு இருக்கிறது. அழுத்தம் போனதும் திறந்து வெளிக்காற்றை விடும், ஆகையால் பயம் வேண்டாம். இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் ஈரப்பதத் தொட்டியின் சூட்டை அணைத்துவிட்டால் பேட்டரி வெகுநேரம் தாங்கும். அரை இரவுக் கணக்கை முழு இரவாக நினைத்துக் குதூகலிப்பதும் கூடாது. முதல் மூன்று மணி நேரம் மட்டும் ஓடி 0.9 என்று வந்தால், அது பாதி ஏடு.

ஏனென்றால் இரவின் கெட்ட பகுதி பெரும்பாலும் விடியலை ஒட்டி இருக்கிறது. கனவுத் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும். அப்போது உடம்பின் தசைகள் மிகவும் தளர்ந்துபோகின்றன, தொண்டையும் சேர்ந்துதான். ஏழு மணி நேரத்துக்கு 4 என்றால் 28 தடைகள். மணிக்கு நாலு நாலாக வந்திருக்கலாம். ஐந்து மணிக்கு மேல் இருபத்தெட்டும் ஒரே மூச்சில், அதாவது மூச்சில்லாமல், வந்திருக்கலாம். சராசரி இரண்டுக்கும் ஒரே முகம் காட்டும். 'ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் மாட்டினால் போதும்' என்று ஒரு வழக்கு இங்கேயும் பரவியிருக்கிறது. அது அமெரிக்க அரசின் காப்பீட்டு விதி: 30 நாளில் 70 விழுக்காடு இரவுகள், இரவுக்கு நாலு மணி நேரமாவது மாட்டியிருந்தால்தான் அவர்கள் பெட்டிக்குத் தொடர்ந்து பணம் கட்டுவார்கள். தொண்டைக்கும் அந்த விதிக்கும் ஒப்பந்தம் ஏதுமில்லை.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தெரிந்தவருக்கு இன்னொரு சுவை காத்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சும் தனித்தனி அலையாகத் தெரியும். தடையில்லாமல் உள்ளே போன மூச்சின் மேடு உருண்டு வழவழப்பாக இருக்கும். பாதை பாதி குறுகியிருந்தால் மேட்டின் உச்சி தட்டையாகிவிடும். இதற்கு இவ்வட்டாரத்திலேயே பாடப்படம் இருக்கிறது. ஐந்து ரதங்களில் சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்தது. சிற்ப நூலார் அதைத் தூங்கானை மாடம் என்பார்கள். தூங்குகின்ற ஆனை! ஒப்புமைக்காகவே பக்கத்தில் ஒரு கல்யானையையும் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மூச்சலை தூங்கானை மாடமாக இருந்தால் நலம். மொட்டை மாடியாக இருந்தால், தடையெண் 2 என்று காட்டினாலும் தூக்கம் இன்னும் சரியாகவில்லை என்று பொருள். எண்ணைவிட இந்த உருவம் சில சமயம் அதிகம் பேசும்.

கிடக்கை பற்றியும் ஒரு சொல். இந்நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மல்லாந்து படுத்தால் தடைகள் கூடுகின்றன, ஒருக்களித்தால் குறைகின்றன. நாக்கு பின்னால் சரிவதுதான் காரணம். உயரமான தலையணை மோவாயை நெஞ்சோடு சேர்த்து மடக்கினால் பாதை இன்னும் நெருங்கும். கடல்மல்லைத் தலசயனப் பெருமாள் பாம்பணையும் இல்லாமல் வெறுந்தரையில் கிடக்கிறார். கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சந்நிதிகளுக்கு நடுவே உள்ளவரும் கல்தரையில்தான். காஞ்சிபுரத்துத் திருவெஃகாவில் இருப்பவர் ஒருபடி மேலே போனார். திருமழிசையாழ்வார் சொன்னபடி பாயைச் சுருட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பி, திரும்பி வந்து திசை மாறிப் படுத்தார் என்பது தலபுராணம். படுக்கை நிலையை மாற்றச் சொன்னால் கடவுளே கேட்டிருக்கிறார். தலைமகனுக்கு என்ன பிடிவாதம்? பனியன் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்துக்கொண்டால் மல்லாக்கத் திரும்பும்போது அது குத்தி எழுப்பும்.

அழுத்தத்தைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்காக ஒரு நீட்டலளவை. பெட்டியின் அழுத்தம் நீரின் சென்டிமீட்டரில் சொல்லப்படுகிறது. வழக்கமான வீச்சு 4 முதல் 20 வரை. தலைமகனுக்கு 11 ஓடுகிறது. சாண் என்பது ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். ஆக, கோவளம் கடற்கரையில் அரைச்சாண் தண்ணீர் தரையை அழுத்துவது எவ்வளவோ, அவ்வளவுதான். எண்சாண் உடம்பைக் காக்க அரைச்சாண் தண்ணீர். அதையும் விழுங்கி வயிற்றில் சேர்த்துக்கொண்டு விடியற்காலையில் ஏப்பமாக விடுபவர்கள் உண்டு. மருத்துவரிடம் சொன்னால் அழுத்தத்தைத் திருத்தித் தருவார்.

தண்ணீர் இன்னொரு வழியிலும் ஏட்டைக் கெடுக்கும். ஏசியை 20இல் வைத்து, தொட்டியின் சூட்டையும் கூட்டிவைத்தால், வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் வியர்த்து நீராகும். நள்ளிரவில் குழாய்க்குள் ஹூக்கா குமிழ்வது போல ஒரு சத்தம். மூக்கில் சில்லென்று ஒரு துளி. வரைபடத்தில் அலைகள் நடுங்கும். குழாயைப் போர்வைக்குள் விட்டு, பெட்டியைத் தலைக்குத் தாழ்வாக வைத்தால் தீரும். தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும் என்கிறார்கள். நெம்மேலியில் 2013 முதல் கடலையே குடிநீராக்குகிறார்கள், தொடங்கியபோது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு. அந்தக் கடலோரத்துக் கிணற்று உப்புநீரை ஊற்றினால் நாலே நாளில் தொட்டியின் அடியில் வெள்ளைப் படலம் கட்டிவிடும்.

இவ்விடத்தில் உரையாசிரியர் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறார். பெட்டி போட்ட புதிதில் சிலருக்கு அடைப்புத்தடைகள் குறைந்து மையத்தடைகள் தலைகாட்டும். ரத்தத்தில் கரிக்காற்றின் அளவு மாறுவதற்கு உடம்பு இன்னும் பழகவில்லை என்று பொருள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானே அடங்கும். அடங்காமல் நீடித்தால், அல்லது மூச்சு ஏறி ஏறி உயர்ந்து, இறங்கி இறங்கி நின்று, மறுபடி ஏறும் ஓர் ஒழுங்கு தெரிந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒழுங்கை டப்ளினில் ஜான் சேன் 1818இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் எழுதிவைத்தார்கள். இன்றும் இருவர் பெயரில்தான் வழங்குகிறது. இதயம் பலவீனமான மையத்தடைக்காரர்களுக்கு, மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தை மாற்றும் உயர்ரகப் பெட்டி கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2015இல் வந்தது: தடையெண் நன்றாகக் குறைந்தது, இதய நோயால் இறந்தவர்கள் எண்ணிக்கை கூடியது. எண்ணை மட்டும் இறக்கும் ஆசையில் ரகசியப் பட்டனை அழுத்தி அமைப்பை மாற்றிக்கொள்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பாடபேதம். ஐந்தாம் நாள் காலை, 14.6 என்று தலைமகன் வாடிக் கிடந்தபோது, தலைமகள் காபியைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஏங்க, நேத்து குறட்டையே இல்லை. நான் ரெண்டு தரம் எழுந்து மூச்சு வருதான்னு கை வச்சுப் பார்த்தேன்."

"கசிவு நாற்பது காட்டுதே."

"விடியக்காலையில மாஸ்க் கழுத்துக்கு வந்துடுச்சு. காத்து என் மூஞ்சியிலதான் அடிச்சுது."

செயலி அவிழ்க்காத முடிச்சு ஒரு நிமிடத்தில் அவிழ்ந்தது. மாஸ்க் நழுவி, கசிவு பெருகி, பெட்டி தடுமாறி, எண் எகிறியிருக்கிறது. ஒரு நாள் எண்ணை ஒரு நாளோடு ஒப்பிடாமல் வாரத்தை வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் மாட்டிய மணிகள், அடுத்து கசிவு, மூன்றாவதுதான் தடையெண். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பெட்டியில் இருக்கும் தபால்தலை அளவுள்ள மெமரி கார்டை மறக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் படுப்பவரையும் கையோடு கூட்டிப்போங்கள். அவரை முதலில் பேசவிடுங்கள்.